பக்கத்து ரூம் இருமல்

உக்காருங்க டீச்சர். நின்னுக்கிட்டே சண்ட போட்டா உங்களுக்குத்தான் கால் வலிக்கும். அந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்கோங்க. ஆடும், ஆனா விழாது. நாத்தம்தானே? ஆமா, நாத்தம்தான். நான் என்ன இல்லன்னா சொன்னேன்? சட்டியில கோழி சூப்பா வேகுது?

இருங்க, பொங்கிடும் போலருக்கு. மூடியக் கொஞ்சம் தள்ளி வச்சுடறேன். ம், இப்ப சொல்லுங்க. ஜன்னலச் சாத்துனாலும் வருதா? வரும். சிமென்ட் ஆலைக்காரங்களுக்குன்னு கட்டுன குவார்ட்டர்ஸு, ஆனா சுவத்துல போட சிமென்ட்டுதான் மிச்சமில்லாம போச்சு போல. அந்தக் கோடி வீட்டுல மிளகா வதக்குனா இந்தக் கோடியில எனக்குக் கண்ணு எரியும். அடுப்ப வேற எங்க கொண்டுபோய் வைக்கச் சொல்றீங்க? எல்லார் அடுப்பும் இந்த நடையிலதானே இருக்கு.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க டீச்சர். மாமியார் தூங்குறாங்க. இப்பத்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சிட்டு கண்ண மூடுனாங்க. கண்ணு தெரியாது அவங்களுக்கு, இடுப்பு ஒடஞ்சதுலருந்து எழுந்திருக்கவும் முடியாது. ஆனா காது இருக்கே, காது! மாடிப்படியில யாரு ஏறுறாங்கன்னு செருப்புச் சத்தத்த வச்சே சொல்லிடுவாங்க. மூக்கு அதுக்கும் மேல.

என்னது, குவார்ட்டர்ஸ் ஆபீஸ்ல எழுதிக் குடுப்பீங்களா? குடுங்க, தாராளமா. அங்க உக்காந்திருக்கற ஆளு சரி சரின்னு தலையாட்டி வாங்கி வச்சுக்குவாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போறப்ப இங்க நின்னு, என்னக்கா, மருந்து வச்சாச்சான்னு என்னத்தான் கேப்பாரு. நம்பலன்னா பாருங்க.

சட்டியில என்ன இருக்கா? பாக்குறீங்களா? பாருங்க, ஆனா கத்தக் கூடாது. இது அதிமதுரம். இது ஏதோ பழத்தோட கொட்டைப் பருப்பு, வாயில வச்சா கசக்கும், இருமலுக்குன்னு போடுறது. இந்த மஞ்ச வேரு ஒடம்புக்குத் தெம்பு. அந்தக் கறுப்பா நெளிஞ்சு கெடக்கே, அதா? அது பூரான். காஞ்ச பூரான். அட, மொகத்த ஏன் அப்படிச் சுளிக்கிறீங்க, அது செத்து எவ்ளோ காலமாச்சோ, எழுந்து வந்து உங்களக் கடிக்கவா போகுது? இந்தப் புல்லுதான் முக்கியம். பாம்பு நாக்குப் புல்லு. நீங்க சொல்ற நாத்தத்துல முக்காவாசி இதோடதுதான்.

மருந்துச் சக்கையா? வாசல்ல மிதிச்சீங்களா? ஐயோ, அது நான் கொட்டுனது இல்ல, மூணாவது மாடிக்காரங்களோடது. அவங்க வீட்டுல மூட்டு வலிக்கு ஏதோ காய்ச்சுறாங்க, அதனால பயப்படாதீங்க, வந்தா மூட்டு வலிதான் வரும். சும்மா சொன்னேன் டீச்சர், சிரிங்க கொஞ்சம். நாலு பேரு மிதிச்சா நோயி அவங்க காலோட நடந்து போயிடும்னு கொட்டுறதுதானே. ஆரம்பத்துல மாமியார் சொல்லி நானும்தான் கொட்டுனேன். சந்து முனையில நின்னு யாராவது மிதிக்கிறாங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். யார் மேல போனா எனக்கென்ன, எங்க வீட்ட விட்டுப் போனாச் சரின்னு இருந்துச்சு அப்ப. இப்ப கொட்டுறதில்ல. குப்பைத் தொட்டியில போட்டுடறேன்.

எங்க வீட்டுக்காரருக்குத்தான் மருந்து. வேற யாருக்கு? சூளையில வேல அவருக்கு. தூசிக்குத் தூசி, சிகரெட்டுக்குச் சிகரெட்டு. இருமல் வந்தப்ப யாரும் பெருசா எடுத்துக்கல, இந்தக் குவார்ட்டர்ஸ்ல இருமாத ஆம்பள யாரு இருக்கான்? அப்புறம் ஒரு நாள் துப்புனதுல ரத்தம். கைக்குட்டைய மடிச்சு பாக்கெட்டுல வச்சுக்கிட்டு, பல்லு ஈறுலருந்து வந்துச்சுங்கறாரு என்கிட்ட. அவரு தம்பிதான் இழுத்துக்கிட்டு குன்மிங் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாரு. நானும் போனேன். எக்ஸ்ரே படத்தப் பாத்துட்டு டாக்டர் எங்க ரெண்டு பேர மட்டும் தனியாக் கூப்பிட்டாரு.

இல்ல, அவருகிட்ட சொல்லல. எப்படிச் சொல்றது? நுரையீரல்ல பழைய சளி கட்டிக் கெடக்குன்னு சொல்லி வச்சோம். நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா? உங்க அப்பாவுக்கு வந்தா மூஞ்சிக்கு நேரா, அப்பா உங்களுக்குப் புத்துநோயின்னு சொல்லிடுவீங்களா? சொல்வேங்கறீங்க. படிச்சவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றாங்க, வீட்டுக்குள்ள வர்ற வரைக்கும். கோவிச்சுக்காதீங்க, உங்க அப்பா நல்லா இருக்கட்டும், நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

குன்மிங்ல நரம்புல சொட்டு மருந்து ஏத்துனாங்க. ஏத்திட்டு வந்தா வாந்தி, வாந்தின்னா கொடலே வெளிய வந்துடற மாதிரி. முடி போச்சு. சளிக்கு எதுக்குடி முடி கொட்டுதுன்னு கேட்டாரு என்ன. மருந்து சூடுன்னேன். அப்பத்தான் பெங் வைத்தியருகிட்ட கூட்டிட்டுப் போனோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, நீங்களும் பாத்திருப்பீங்க, எப்பவும் கூட்டமா இருக்குமே. அவரு நல்ல மனுசன் டீச்சர், வாய்க்கு வந்தத அளக்க மாட்டாரு. ரெண்டு கை நாடியும் பாத்தாரு, நாக்கப் பாத்தாரு. அப்புறம் என்ன மட்டும் வெளிய கூப்பிட்டுச் சொன்னாரு. கட்டியக் கரைச்சிடுவேன்னு நான் சொல்ல மாட்டேம்மா. சோறு எறங்கும், தூக்கம் வரும், ஆஸ்பத்திரி மருந்தத் தாங்குறதுக்குத் தெம்பு வரும். அந்த மருந்த மட்டும் விட்டுடாதீங்க, இது அதுக்குத் துணைதான்னாரு. இதுக்கு மேல ஒருத்தர் எப்படித் தெளிவாச் சொல்ல முடியும், சொல்லுங்க.

அந்தப் புல்லு இருக்கே, அதுதான் எங்க பொய்யக் கவுத்துச்சு. பாம்பு நாக்குப் புல்லப் புத்துநோய்க்குத்தான் போடுவாங்கன்னு இந்த ஊருல யாருக்குத்தான் தெரியாது? சூளையில கூட வேல பாத்தவங்க நாலஞ்சு பேரு வீட்டுல அது கொதிச்சத இவரும்தான் மோந்திருக்காரு. மொத நாள் கிண்ணத்த நீட்டுனேன். வாங்கி, மோந்து பாத்தாரு. என்னப் பாத்தாரு. மடமடன்னு குடிச்சிட்டு, கசப்புக்கு ஒரு கல்கண்டு குடுன்னு கையை நீட்டுனாரு. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டே சொன்னாரு, சளிதான்னே வச்சுக்குவோம், அம்மாவுக்கும் சளின்னே சொல்லிடுன்னு. அன்னைக்கு நான் குளியலறையில தண்ணியத் தொறந்து விட்டுட்டு அழுதேன்.

மாமியாருக்குத் தெரியாதான்னா கேக்குறீங்க? அந்த மூக்குக்குத் தெரியாம இருக்குமா? படுத்த எடத்துலருந்தே, சளிக்கு எந்த வைத்தியன்டி அந்தப் புல்லப் போடுறான்னு கேட்டாங்க. புது வைத்தியம் அத்தைன்னேன். ஓகோன்னாங்க. அவ்ளோதான். அதுக்கப்புறம் இந்த வீட்டுல எல்லாருக்கும் எல்லாம் தெரியும், ஆனா யாரும் யாருகிட்டயும் பேசுனதில்ல. ஒரே பானைச் சோத்தச் சாப்பிட்டோம்.

நல்லா கேளுங்க இத. மருந்து ஆரம்பிச்ச அந்த வசந்தத்துல மனுசன் எழுந்துட்டாரு. பொய் இல்ல, இந்த மாடியில யார வேணாலும் கேட்டுப் பாருங்க. சோறு எறங்குச்சு, கன்னத்துல கொஞ்சம் சதை வந்துச்சு. ஒரு நாள் காலையில நான் எழுந்து பாக்குறேன், ஆளக் காணோம். மார்க்கெட்டுக்கு நடந்தே போயி, வால் துடிக்கிற கெண்டை ஒண்ணு வாங்கிட்டு வந்து, இதே அடுப்புல அவரே புளிப்பும் காரமுமா ஆக்கி வச்சாரு. மாமியாருக்கு முள்ளெடுத்து ஊட்டி விட்டாரு. அன்னைக்கு நானே நம்பிட்டேன் டீச்சர். டாக்டருங்களும் மனுசங்கதானே, படத்த மாத்திப் பாத்திருப்பாங்கன்னு கூட நெனச்சேன்.

எது வேல செஞ்சுச்சுன்னு யாரு கண்டா? சொட்டு மருந்தா, இந்தச் சட்டியா, ரெண்டும் சேந்தா? மாமியாருக்குச் சந்தேகமே இல்ல. பாத்தியா, நம்ம மருந்து நம்ம மருந்துதான், அந்த வெள்ளக்காரன் தண்ணி எம் புள்ளையக் கொன்னுடும், இனி குன்மிங் போக வேணாம்னு சொல்லிட்டாங்க. பெங் வைத்தியர் வீடு தேடி வந்து திட்டுனாரு. தம்பி வந்து சண்ட போட்டாரு. நான் கால்ல விழாத கொறை. இவரு அம்மா பேச்சத் தட்ட மாட்டாரு. அம்பது வயசுலயும் அம்மா சொன்னா உக்காருவாரு, அம்மா சொன்னா எழுந்திருப்பாரு. போகல.

அப்புறமென்ன. வெயில் காலம் முடியிறப்ப கொரல் போச்சு. கட்டி உள்ள எதையோ போயி அமுக்குதாம், நரம்ப. பேச வாயத் தொறந்தா வெறுங்காத்துதான் வரும். இருமல் மட்டும் பழையபடி வந்து உக்காந்துக்கிச்சு.

இருங்க, தணல் போயிடுச்சு, ஒரு கரிக்கட்டி மாத்திக்கறேன். இடுக்கிய எடுங்க. அது இல்ல, அந்த நீட்டமானது. ஆங்.

தொத்துமா? இல்ல இல்ல. பாப்பா இருக்கற வீடு, நீங்க கேக்குறது நியாயந்தான். காசநோய் இல்ல டீச்சர், சத்தியமா. இதெல்லாம் ஒருத்தருகிட்டருந்து ஒருத்தருக்குப் போறதில்ல. அந்த இருமலால உங்க பாப்பாவுக்கு ஒண்ணும் வராது, நான் பொறுப்பு. விடியக்காலையில முழிச்சிக்கிடுதா? அய்யோ பாவம். சுவருக்கு அந்தப் பக்கமாத் தொட்டிலப் போட்டுப் பாருங்களேன்.

ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கலாமேன்னு சொல்றீங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த வாசனை இங்க நிக்கக் கூடாது டீச்சர். எல்லாமே அதுலதான் இருக்கு. உங்களுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது? போன மாசம் அடைமழையில கரியெல்லாம் நனைஞ்சு, ஒரு நாள் அடுப்பு பத்தல. மருந்து வைக்கல. சாயங்காலம் மாமியார் கஞ்சியக் கையால தள்ளிட்டாங்க. ஏன் இன்னைக்கு மருந்து வாசனை வரல, எம் புள்ளைக்கு என்ன ஆச்சு, மறைக்காமச் சொல்லுன்னு என் கையப் புடிச்சாங்க பாருங்க, நகம் பதிஞ்சு போச்சு. அடுப்பு நனைஞ்சுடுச்சு அத்தைன்னா நம்பல. மறுநாளும் பச்சத் தண்ணி பல்லுல படல. மூச்சு மேல வாங்குது. இந்த மாடியில இருக்கற சுன் அக்கா வீட்டுலருந்து கரி கடன் வாங்கி, கொளுத்தி, இந்தச் சட்டி கொதிச்சு, வாசனை உள்ள போன பொறகுதான் வாயத் தொறந்தாங்க. பெங் வைத்தியர் அவங்க நாடியப் பாத்துட்டுச் சொன்னாரு. இந்த அம்மா ஒடம்புல ஒண்ணுமில்ல, மகன்தான் இவங்களப் புடிச்சு நிறுத்தி வச்சிருக்கான்னு. அதனாலதான் உங்ககிட்ட கெஞ்சுறேன். என்னத் திட்டுங்க, வாசல்ல நின்னு கத்துங்க. அடுப்ப அணைக்க மட்டும் சொல்லாதீங்க.

அட, அழுவாதீங்க. சண்ட போட வந்துட்டு இப்படி மூக்க உறிஞ்சுனா நான் என்ன பண்றது? இதென்ன, ஆரஞ்சா? இதுக்கெல்லாம் எதுக்கு... சரி, குடுங்க, சந்தோசம். அவரு கையில குடுக்கணுமா? வேணாம் டீச்சர், என்கிட்டயே குடுங்க. இல்ல, யாரையும் பாக்கறதில்ல அவரு. ஒரு நிமிசம்தானேங்கறீங்களா? அதெல்லாம் வேணாம். உக்காருங்க சொல்றேன். டீச்சர், அந்தக் கதவத் தொறக்காதீங்க.

தொறக்காதீங்கன்னு சொன்னேனே.

சாத்துங்க. மெதுவா. சத்தம் வராம.

உக்காருங்க இப்படி. இந்தாங்க, வெந்நி குடிங்க. கட்டில், போர்வை, செருப்பு எல்லாம் இருக்கு, ஆளுதான் இல்ல. போன குளிருலயே போயிட்டாரு. குன்மிங்ல வச்சு. கடைசியா அங்கதான் தூக்கிட்டு ஓடுனோம். தம்பி அங்கயே காரியத்தையெல்லாம் முடிச்சாரு. போறதுக்கு முன்னாடி இவரு, அம்மாவுக்குச் சொல்லாதன்னு ஒரு மருந்துச் சீட்டு மேல எழுதிக் காட்டுனாரு என்கிட்ட, பேச்சுதான் வராதே. நான் தனியா வந்து, உங்க புள்ளையக் கூட்டிட்டு வந்துட்டேன் அத்தை, பக்கத்து ரூம்ல படுக்க வச்சிருக்கேன், உங்க கிட்ட வந்தா கிருமி தொத்தும்னு டாக்டர் சொல்லியிருக்காருன்னு சொன்னேன். கண்ணு தெரியாதவங்கள ஏமாத்துறது சுலபம்னு நெனச்சேன்.

இந்த மாடியில எல்லாருக்கும் தெரியும். நீங்கதான் புதுசு. சுன் அக்கா, அந்த ஆபீஸ் ஆளு, பால்காரன் எல்லாரும் இந்தக் கதவுகிட்ட நின்னு, என்ன தெங் அண்ணே, சாப்டாச்சான்னு சத்தமாக் கேட்டுட்டுப் போறத நீங்களும் தெனம் கேக்குறீங்கதானே? ஒரு நாளாவது பதில் வந்துச்சா?

இருமலா? அது நான்தான்.

வேணும்னு ஆரம்பிக்கல. மொத நாள், அவரு போர்வைய மடிச்சுக்கிட்டு உள்ள நின்னேன். அழுக வந்துச்சு, அமுக்குனேன், அது இருமலா வந்துடுச்சு. அந்தப் பக்கம் மாமியார், போத்திக்கடா கண்ணு, காத்து ஆகாதுன்னாங்க. அப்புறம் எப்படி நிறுத்துறது? அவரு இருமல் எனக்குத் தெரியாதா, எத்தன வருசம் பக்கத்துல படுத்திருக்கேன். மொதல்ல சின்னச் சின்னதா வரும், அப்புறம் பழைய லாரி கிளம்பாம முக்குற மாதிரி ஒரு இழுப்பு. சில நேரம் அந்த இழுப்பு என் தொண்டையிலருந்து வர்றப்ப எனக்கே உடம்பு சில்லுன்னு ஆயிடும், கட்டிலத் திரும்பிப் பாப்பேன். அன்னைக்கு ஒரு நாள் நான் ரேஷன் கடைக்குப் போயிட்டு வர்றேன், மாமியார், இப்பத்தான்டி இருமி ஓய்ஞ்சான்ங்கறாங்க. வீட்டுல நானே இல்ல டீச்சர்.

கோவம் வராமயா? அத்தை, உங்க பேச்சக் கேட்டுத்தான் போனாரு, உங்க சட்டிதான் உங்க புள்ளையக் கொன்னுச்சுன்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். அதே சட்டியத்தான் தெனம் அடுப்புல ஏத்துறேன்.

இந்த வாரம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. பச்சப் புண்ணா இருந்துச்சு, இரும முடியல. சும்மா ரெண்டு தடவ கனைச்சு விட்டுட்டு இருந்தேன். நேத்து கஞ்சி ஊட்டுறப்ப மாமியாருக்கு மொகமெல்லாம் சிரிப்பு. பாத்தியா, இருமல் எவ்ளோ கொறஞ்சு போச்சு, நான் சொன்னேன்ல, இந்த மருந்து கைவிடாதுன்னு, அப்ப நீங்க எல்லாம் என்ன எப்படித் திட்டுனீங்கன்னாங்க. என் கையத் தடவிக் குடுக்குறாங்க. ஆமா அத்தைன்னேன். மருந்து நல்லா வேல செய்யுதுன்னேன். அப்ப புதுவருசத்துக்கு எழுந்து வந்து எனக்கு மீன் முள்ளெடுத்துக் குடுப்பான்ல, டாக்டரக் கேட்டுச் சொல்லுங்கறாங்க.

எழுந்து வர்றதுக்கு ஆளு ஏது? அதனால நாளையிலருந்து விடியக்காலையில கொஞ்சம் அதிகமாவே கேக்கும் டீச்சர். பாப்பாவ அந்தப் பக்கமாப் படுக்க வச்சுக்கோங்க.